ஒன்ராறியோக் குளிரில் மோட்டார்ஹோமை வெளியே நிறுத்திவைப்பது

ஒக்ரோபர் இரண்டாம் திங்கள் தாங்க்ஸ்கிவிங். அந்த நீண்ட வாரஇறுதியோடு ஒன்ராறியோவில் மோட்டார்ஹோமில் போய்த் தங்கும் பல முகாம்கள் தண்ணீரை மூடிவிடும். அடுத்த பயணம் பெரும்பாலும் மே மாதம், விக்ரோரியா தின விடுமுறைக்குத்தான். இடையில் ஏழு மாதம். அவ்வளவு காலமும் வண்டி வீட்டு வாசலிலோ வாடகை முற்றத்திலோ, தலைக்குமேல் கூரை இல்லாமல் நிற்கப்போகிறது.

அதில் பயப்பட ஒன்றுமில்லை. குளிர் மட்டும் மோட்டார்ஹோமைக் கெடுத்துவிடாது. ஈரமில்லாத வண்டி மைனஸ் 30 பாகையிலும் பேசாமல் நிற்கும். கெடுப்பது தண்ணீர்: குழாய்க்குள் மறந்துவிட்டது, கூரை வெடிப்பால் இறங்கியது, மெத்தைக்கு அடியில் வியர்த்தது. வசந்தத்தில் வரும் பெரிய பழுதுபார்ப்புக் கணக்குகள் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகின்றன. அதனால் கீழே தண்ணீருக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறது.

இங்கே மனதில் இருப்பது 25 முதல் 30 அடி நீளமான, பெற்றோலில் ஓடும் கிளாஸ் சி வண்டி, அதாவது வான் முகப்புக்குப் பின்னால் வீட்டுப் பெட்டி பூட்டியது. பஸ் போன்ற கிளாஸ் ஏ-யிலும், வான் அளவிலான கிளாஸ் பி-யிலும் வால்வுகள் இருக்கும் இடம் மாறும், செய்யும் வேலை மாறாது.

எங்கே நிறுத்துவது

முதலில் மாநகரசபையின் விதியைப் பாருங்கள். வீட்டு முன்வாசலில் மோட்டார்ஹோமை எத்தனை நாள் விடலாம், எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்பதை ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நகரங்கள் தனித்தனியே வகுத்து வைத்திருக்கின்றன. பக்கத்து நகரத்தில் இருக்கும் மச்சானுக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தும் என்றில்லை. கொண்டோ, டவுன்ஹவுஸ் வளாகமென்றால் அதன் நிர்வாகத்தின் விதி வேறு.

தரை முக்கியம். சரளைக்கல் பரப்பிய இடம் எல்லாவற்றிலும் நல்லது. தண்ணீர் கீழே வடிந்துவிடும். தார்த் தரையும் சரி. புல் மட்டும் வேண்டாம். புல்லின் ஈரம் இரவும் பகலும் எழும்பி அடிச்சட்டத்தைத் துருப்பிடிக்க வைக்கும், எலிக்கும் அதுதான் மறைவு. ஏப்ரலில் நிலம் இளகும்போது ஐந்து தொன் வண்டி புல்லுக்குள் புதைந்துபோய், இழுவை வண்டி கூப்பிடவேண்டிவரும்.

மரத்தடி கோடையில் சுகம், குளிர்காலத்தில் ஆபத்து. உறைமழை பெய்தால் கிளைகள் பனிக்கட்டிப் பாரத்தில் முறிந்து விழும். ஓக் மரமென்றால் காய் விழுந்து கூரையைக் குத்தும், அதைத் தேடி அணிலும் வரும்.

கூரைத் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிப்போகும்படி வண்டியைச் சற்றே சரிவாக விடுங்கள். எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏசிப் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் தேங்காத சரிவுதான் வேண்டியது.

வாடகை முற்றம் எடுக்கிறவர்கள் விலைக்கு முன் மூன்று கேள்வி கேட்கவேண்டும். ஜனவரியில் உள்ளே போய் வண்டியைப் பார்க்க விடுவார்களா? பாதையில் பனி தள்ளுவார்களா? இரண்டு வண்டிகளுக்கிடையே ஏணி வைக்க இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லையென்றால் அந்த முற்றம் மலிவானதல்ல.

காப்புறுதியை முழுவதுமாக நிறுத்தவேண்டாம். ஓட்டுவதற்கான பகுதியை இடைநிறுத்தி, தீ, களவு, பனிப்பாரம் போன்றவற்றுக்கான பகுதியை வைத்திருக்க முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள். வண்டி எந்த முகவரியில் நிற்கிறது என்பதையும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

தண்ணீரை வெளியேற்றுவது

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். பெக்ஸ் என்ற பிளாஸ்ரிக் குழாய் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஆனால் மூட்டுகள், பம்பின் தலைப்பகுதி, ரொயிலற்றின் பின்னாலுள்ள பிளாஸ்ரிக் வால்வு, வெளி ஷவரின் பிடி, வடிகட்டியின் கிண்ணம் ஆகியவை நெகிழாது. வெடிப்பது இவைதான். வெடித்தது அப்போது தெரியவும் மாட்டாது. மே மாதம் பம்பைப் போட்டபின் சுவருக்குள் சத்தம் கேட்கும்போதுதான் தெரியும்.

இரவு வெப்பநிலை தொடர்ந்து பூச்சியத்துக்குக் கீழே இறங்குவதற்கு முன் இந்த வேலை முடியவேண்டும். ரொறன்ரோவை ஒட்டியவர்களுக்கு ஒக்ரோபர் நடுப்பகுதி பாதுகாப்பான கடைசி எல்லை. வடக்கே மஸ்கோக்காப் பக்கம் இன்னும் முந்தி.

கழிவுத் தாங்கிகள் இரண்டையும் கடைசி முகாமிலேயே காலி செய்யுங்கள். முதலில் ரொயிலற் தாங்கி, பிறகு சிங்க், ஷவர் தாங்கி. பின்னது முன்னதன் அழுக்கைக் குழாயிலிருந்து கழுவிக்கொண்டு போகும். ரொயிலற் தாங்கியில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் நிரப்பி விடுவது நல்லது. அடியில் மிஞ்சியது ஏழு மாதம் காய்ந்தால் சீமெந்துபோல் இறுகிவிடும், அளவு காட்டும் சென்சரும் பொய் சொல்லத் தொடங்கும்.

அடுத்தது சுடுதண்ணீர்த் தாங்கி. வழக்கமான அளவு 6 கலன், அதாவது 23 லீற்றரை ஒட்டியது. சிலவற்றில் 10 கலன். காஸ், மின்சாரம் இரண்டு ஆளியையும் நிறுத்தி, தண்ணீர் நன்றாக ஆறும்வரை பொறுங்கள். பம்பை நிறுத்தி, ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். பிறகு வெளிக்கதவைத் திறந்து அடியில் உள்ள அடைப்பானைக் கழற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் அடைப்பான் துப்பாக்கிக் குண்டுபோல் வரும், பின்னால் கொதிநீர் வரும்.

சபர்பன் வகை ஹீற்றரில் அந்த அடைப்பானோடு ஒரு நீண்ட கம்பி சேர்ந்திருக்கும். கழற்ற 1 1/16 அங்குல சொக்கெற் வேண்டும். தாங்கியின் உருக்கு துருப்பிடிக்காமல் அந்தக் கம்பி தன்னைத்தானே கரைத்துக்கொடுக்கிறது. முக்கால் பங்கு கரைந்திருந்தால் புதிது போடுங்கள். அற்வூட் வகையில் தாங்கி அலுமினியம், அடைப்பான் சாதாரண பிளாஸ்ரிக். அதற்குக் கம்பி தேவையில்லை, போடவும் கூடாது. மேலே உள்ள அழுத்த வால்வின் நெம்பைத் தூக்கிவிட்டால் காற்று புகுந்து தண்ணீர் வேகமாக வடியும். வெள்ளைச் செதில்களாக வருவது சுண்ணாம்பு. தோட்டக் குழாயால் உள்ளே பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

பிறகு நல்லதண்ணீர்த் தாங்கியின் வடிகாலையும், குழாய்களின் மிகத் தாழ்ந்த இடத்தில் உள்ள இரண்டு வடிகால்களையும் திறவுங்கள். ஒன்று சுடுதண்ணீருக்கு, மற்றது குளிர்தண்ணீருக்கு. வழக்கமாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வண்டிக்கு அடியில் தொங்கும், சிவப்பும் நீலமுமாக. உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு வடியவிடுங்கள். கடைசியில் பம்பை அரை நிமிடம் ஓடவிட்டால் அதற்குள் தேங்கியதும் வரும். தண்ணீர் வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடுங்கள். அடுத்த வருடத்துக்கு வைக்கும் பொருளல்ல அது.

இளஞ்சிவப்பு அன்ரிபிறீஸ்

வடியவிட்டது போதாது. குழாய் வளைவுகளில் எப்போதும் கொஞ்சம் நிற்கும். அதற்குத்தான் ஆர்வி அன்ரிபிறீஸ், அதாவது மோட்டார்ஹோம் தண்ணீர்க் குழாய்க்கென்றே உள்ள உறைதடுப்புத் திரவம். புரோப்பிலீன் கிளைக்கோல் சேர்ந்தது, நிறம் இளஞ்சிவப்பு, 3.78 லீற்றர் கலன்களில் கனேடியன் ரயர் போன்ற கடைகளில் கிடைக்கும். என்ஜினுக்கு ஊற்றும் பச்சை அல்லது செம்மஞ்சள் திரவம் எதிலீன் கிளைக்கோல். அது நஞ்சு, குடிதண்ணீர்க் குழாயில் ஒரு துளியும் படக்கூடாது. கண்ணாடி கழுவும் திரவத்தை மலிவென்று ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் மெதனோல் இருக்கிறது, அதுவும் நஞ்சு.

கலனில் மைனஸ் 50 என்று எழுதியிருப்பது பரனைட் கணக்கில். செல்சியஸில் மைனஸ் 46. அந்த எண் குழாய் வெடிக்காது என்பதற்கான எல்லை. அதற்கு வெகு முன்னரே திரவம் அரைத்த ஐஸ்போல் கூழாகிவிடும். கூழ் குழாயை உடைக்காது, ஆனால் அந்த நிலையில் பம்பைப் போட்டால் பம்ப் கெடும். தண்ணீர் கலந்தால் மைனஸ் 46 என்ற கணக்கும் செல்லாது. அதனால்தான் முதலில் வடித்துவிட்டு, பிறகு ஊற்றுவது. வெளிவரும் நிறம் வெளிறியிருந்தால் இன்னும் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

மூன்று கலன் வாங்கிவையுங்கள். 25 அடி வண்டிக்குக் குழாய்களுக்கு மட்டும் இரண்டு கலன் போகும், மிச்சம் வளைகுழாய்களுக்கும் ரொயிலற்றுக்கும்.

1. சுடுதண்ணீர்த் தாங்கியின் பின்புறத்தில் உள்ள பைபாஸ் வால்வுகளைத் திருப்புங்கள். வண்டியைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ மூன்றோ இருக்கும். கட்டிலுக்கு அடியிலோ அலமாரிப் பலகைக்குப் பின்னாலோ தேடவேண்டிவரும். இதை மறந்தால் 23 லீற்றர் அன்ரிபிறீஸ் தாங்கிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், குழாய்க்கு ஒன்றும் வராது. முதல்தடவை செய்கிறவர்கள் அதிகமாக விடும் பிழை இதுதான்.

2. எல்லா வடிகால்களையும் மூடுங்கள். குழாய்களையும் மூடுங்கள்.

3. பம்புக்கு உள்ளே வரும் பக்கத்தில் உறிஞ்சுகுழாய் இருந்தால் அதைக் கலனுக்குள் விட்டு, வால்வைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் தாங்கியிலிருந்து பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, அரை அங்குலக் குழாய்த் துண்டொன்றைப் பூட்டலாம். தாங்கிக்குள்ளேயே ஊற்றுவது வீண். அடியில் பல லீற்றர் தங்கிவிடும்.

4. பம்பைப் போட்டு, பம்புக்குக் கிட்ட உள்ள குழாயிலிருந்து தொடங்குங்கள். குளிர்ப்பக்கம் திறந்து நல்ல இளஞ்சிவப்பு வரும்வரை விட்டு மூடுங்கள். பிறகு சுடுபக்கம். சமையல் சிங்க், குளியலறை சிங்க், ஷவர், வெளி ஷவர், ரொயிலற். கைஷவரின் தலையைக் கழற்றித் தொங்கவிடுங்கள்.

5. வெளியே தோட்டக் குழாய் பூட்டும் வாயில் ஒரு சல்லடை இருக்கும். பம்பை நிறுத்தி அழுத்தத்தை விட்டபின் சல்லடையை எடுத்து, உள்ளேயுள்ள சின்ன வால்வை விரலால் மெல்ல அமத்துங்கள். சிவப்பு எட்டிப்பார்த்தால் சரி. இதைச் செய்யாதவர்கள் வசந்தத்தில் இந்த வாய்க்கு மட்டும் தனியாகக் காசு கொடுக்கிறார்கள்.

6. ஒவ்வொரு சிங்குக்கும் ஷவருக்கும் கீழுள்ள வளைகுழாய்க்குள் இரண்டு கப் ஊற்றுங்கள். ரொயிலற் கிண்ணத்தில் இரண்டு கப் நிற்கவிடுங்கள். அடியிலுள்ள இரப்பர் காயாமல் இருக்கும். கழிவுத் தாங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு லீற்றர், வெளிவால்வின் இரப்பருக்காக.

7. சுடுதண்ணீர் ஹீற்றரின் மின்சார ஆளிமேல் ஒரு ரேப் ஒட்டி, “தாங்கி வெறுமை” என்று எழுதிவையுங்கள். வெறும் தாங்கியில் மின்சாரம் போனால் சூடாக்கும் கம்பி சில நிமிடத்தில் எரிந்துவிடும்.

ஐஸ்மேக்கர், உடுப்பு கழுவும் மெஷின், தாங்கியில்லாத ஹீற்றர் உள்ளவர்கள் அந்தந்தப் பொருளின் கையேட்டைப் பார்க்கவேண்டும்.

கொம்பிறசர் வைத்துக் காற்றால் ஊதித் தள்ளுகிறவர்களும் உண்டு. செய்யலாம், 40 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம், மேலே போனால் மூட்டுகள் கழன்றுவிடும். பம்பின் உள்ளேயும் வளைகுழாய்களிலும் காற்று வேலை செய்யாது, அங்கே எப்படியும் சிவப்பு ஊற்றத்தான் வேண்டும். ஊதி முடித்து, பிறகு அன்ரிபிறீஸும் விடுவதே எங்கள் தெரிவு. ஒரு கலன் மிச்சமாகும், கலப்பும் இருக்காது.

பற்றரி

முழுச் சார்ஜில் உள்ள ஈய அமில பற்றரி மைனஸ் 50 பாகையிலும் உறையாது. பாதிச் சார்ஜில் மைனஸ் 20களில் உறையும். வெறுமையாகிவிட்டது மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்து, பெட்டி வெடித்து, அமிலம் சட்டத்தில் வழியும். ஆக, குளிருக்குப் பயப்படவேண்டியது பற்றரி அல்ல, சார்ஜ் இறங்கிய பற்றரி.

ஏன் இறங்குகிறது? எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் காஸ் கசிவு காட்டும் கருவி, ரேடியோவின் நினைவு, பலகையில் எரியும் சின்ன விளக்குகள் எல்லாம் சேர்ந்து 0.1 அம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 2.4 அம்பியர் மணி. 100 அம்பியர் மணி பற்றரி மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். வாசலில் உள்ள துண்டிக்கும் ஆளி பல வண்டிகளில் எல்லாவற்றையும் துண்டிப்பதில்லை. காஸ் கருவி நேரே பற்றரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். நம்பவேண்டியது பற்றரியின் மறைமுனையை (நெகற்றிவ்) கழற்றுவதை மட்டுமே.

வீட்டுப் பக்கத்துக்கு ஒன்று, என்ஜினுக்கு ஒன்று என்று இரண்டு பற்றரித் தொகுதி உண்டு. இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்து (சில மணி நேரம் ஓய்ந்தபின் 12.6 வோல்ற் அல்லது மேல்), வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்தால் எடுத்துப்போங்கள். கராஜில் வைத்து மாதம் ஒருமுறை அளந்து, 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய காலத்துப் பெட்டிகளுக்கு உண்மை. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அல்ல. கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள்: எந்த வயர் எங்கே என்பது ஏப்ரலில் நினைவுக்கு வராது.

லித்தியம் வேறு சாதி. பூச்சியம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். பாதியிலிருந்து முக்கால் வரை சார்ஜில் துண்டித்து வையுங்கள். கூரையில் சோலர் பலகை இருந்தால் முதலில் பலகையைத் துண்டித்து, அதன்பிறகே பற்றரியைக் கழற்றவேண்டும். மாறிச் செய்தால் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கூடாது. சோலர் குளிர்காலம் முழுக்கப் பற்றரியைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். பனி மூடிய பலகை ஒன்றும் தராது.

கூரையும் மூடியும்

நிறுத்துவதற்கு முன், வெயிலுள்ள ஒரு நாளில் கூரையைக் கழுவி, காற்றுத் துளைகள், அன்ரெனா, ஏசி, ஓரப்பட்டி ஆகியவற்றைச் சுற்றியுள்ள பூச்சை விரலால் அமத்திப் பாருங்கள். வெடித்தது, கிளம்பியது, ஊசித்துளை விழுந்தது எல்லாம் குற்றம். ஈபிடிஎம், டிபிஓ இரப்பர்க் கூரைகளுக்குத் தானே சமமாகப் பரவும் டைக்கோர் வகைப் பூச்சு இருக்கிறது. குளிர் பிடித்துவிட்டால் அது பரவாது, ஆகவே இது செப்ரெம்பர் வேலை. வன்பொருள் கடைச் சிலிக்கோனைப் பூசவேண்டாம். அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதற்குள் சீவன் போய்விடும். இரப்பர்க் கூரையைக் கழுவப் பெற்றோலியம் கலந்த எதையும் தொடாதீர்கள், இரப்பர் வீங்கிவிடும்.

ஊசித்துளைக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? பகலில் உருகிய நீர் துளைக்குள் போய் இரவில் உறைந்து துளையைப் பெரிதாக்கும். ஒரு குளிர்காலத்தில் இது பலமுறை நடக்கும். மார்ச் மாதத்தில் உள்ளே கூரைப்பலகை மெத்தென்று அமுங்கினால், வேலை பூச்சோடு முடியாது.

மூடி போடுவதென்றால் மூச்சுவிடும் துணியில், வண்டி அளவுக்கே தைத்ததைப் போடுங்கள். நீல நிற பிளாஸ்ரிக் தார்ப்பாய் வேண்டாம். உள்ளே வியர்வையைப் பூட்டிவைக்கும்; காற்றில் அடித்து அடித்து, கயிறும் ஓரமும் வண்டியின் நிறத்தை மணற்தாள்போல் உரசி எடுத்துவிடும். நல்ல மூடியும் தளர்ந்தால் அதையே செய்யும். ஏணி, அன்ரெனா, மழைத்தகரத்தின் முனைகளில் நீச்சல்குளத்து நுரைக்குழாயை வெட்டிச் செருகிவிட்டு மேலே போடுங்கள், கிழியாது.

பனிப்பாரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 8 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் அகலம், 20 சதுர மீற்றர் கூரை. அதில் 30 சென்ரிமீற்றர் பனி. புதிதாகப் பெய்த பஞ்சுப் பனியென்றால் கனமீற்றருக்கு 100 கிலோ அளவில், மொத்தம் 600 கிலோ. அதே 30 சென்ரிமீற்றர், அமர்ந்து மழையும் குடித்த பனியாக, கனமீற்றருக்கு 300 கிலோ அளவில் இருந்தால் 1,800 கிலோ. ஆகவே 20 சென்ரிமீற்றர் தாண்டியவுடன், மழை வருமுன் இறக்கிவிடுவது நல்லது. நீண்ட பிடியும் நுரைத் தலையும் உள்ள பனிவாரியால் தரையில் நின்றபடி இழுங்கள். கடைசி இரண்டு மூன்று சென்ரிமீற்றரை விட்டுவிடலாம். இரப்பரைச் சுரண்டாமல் இருப்பதற்கு அது காப்பு. பனிக்கட்டியைக் கொத்தவேண்டாம். கூரையில் ஏறவும் வேண்டாம், அடியில் துளை மூடி இருப்பது பனிக்குள் தெரியாது.

உள்ளே: ஈரமும் எலியும்

சாப்பாட்டுச் சாமான் முழுவதையும் எடுங்கள். முழுவதும் என்றால் அரிசிப் பையின் அடியில் சிந்தியது, சோபா இடுக்கில் விழுந்த மிக்சர், பற்பசை, சவர்க்காரம்வரை. எலிக்குச் சவர்க்காரமும் சாப்பாடுதான். மசாலாத் தூளுக்கு எலி வராது என்று சிலர் வைத்துவிட்டுப் போகிறார்கள். போத்தல் உடைந்தால் மணம் மெத்தையை விட்டுப் போகாது. தகரம், சோடாப் போத்தல் எல்லாம் வீட்டுக்கு.

பிரிட்ஜைத் துடைத்து, கதவு மூடாமல் துணி செருகி, உள்ளே ஒரு கிண்ணம் அப்பச்சோடா. அலமாரிகள், இழுப்பறைகள் திறந்தே இருக்கட்டும். மெத்தைகளை நிமிர்த்திவையுங்கள்; தட்டையாகக் கிடந்தால் அடியில் பூஞ்சணம் கட்டும். கூரைத் துளைக்கு வெளிமூடி இருந்தால் இரண்டு விரல் அளவு திறந்துவிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். கல்சியம் குளோரைட் ஈரமுறிஞ்சிக் கிண்ணம் வைப்பதென்றால் சிங்குக்குள் வையுங்கள். நிரம்பி வழியும் உப்புநீர் தரையையும் உலோகத்தையும் தின்னும். மின்சார ஹீற்றரை ஆளில்லாத வண்டிக்குள் எரியவிட்டுப் போவது வேண்டவே வேண்டாம்.

சின்ன எலி புக 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும். உங்கள் சுண்டுவிரல் நுழையும் எந்தத் துளையும் அதற்கு வாசல். வண்டிக்கு அடியில் படுத்து, குழாயும் வயரும் உள்ளே போகும் இடங்களை எல்லாம் பாருங்கள். பகலில் ஒருவர் உள்ளே இருட்டில் இருக்க, மற்றவர் அடியிலிருந்து ரோர்ச் அடித்தால் ஒளி தெரியும் இடமெல்லாம் அடைக்கவேண்டிய இடம். துருப்பிடிக்காத உருக்குக் கம்பளி அல்லது செப்புக் கம்பளியைத் திணித்து, மேலே பூச்சு. நுரை மட்டும் அடித்தால் கடித்துக்கொண்டு வந்துவிடும். பெரிய துளைக்குக் கால் அங்குலக் கம்பிவலை.

பொறி வையுங்கள், நஞ்சு வேண்டாம். நஞ்சு தின்ற எலி சுவருக்குள் போய்ச் சாகும், மே மாதத்தில் பிரச்சினை மணமாகத் தெரியும். பாச்சைக்குண்டு எலியை விரட்டாது, ஆட்களைத்தான் விரட்டும். எச்சம் கண்டால் காய்ந்தபடியே கூட்டாதீர்கள்: மான் எலி ஹன்டா வைரசைக் காவக்கூடியது, தூசியோடு மூச்சில் போகும். கதவுகளைத் திறந்து காற்றோட விட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

காஸ், எரிபொருள், ரயர்

புரோப்பேன் தாங்கியின் பிரதான வால்வை மூடி, ஒரு அடுப்பை எரியவிட்டுக் குழாயில் மிஞ்சியதைத் தீருங்கள். காஸ், எரிபொருள் குழாய்களில் சிலந்தி கூடு கட்டும் என்பது கதை அல்ல. 2011இல் மாஸ்டா நிறுவனம் எரிபொருள் தாங்கியின் காற்றுக்குழாயில் சிலந்தி கூடு கட்டியதற்காகவே மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. பிரிட்ஜ், ஹீற்றர், சுடுதண்ணீர் ஆகியவற்றின் வெளித்துளைகளுக்கு வலை பூட்டலாம். சூடாக்கியின் புகைவாயில் பூட்டிய வலையை மட்டும் வசந்தத்தில் பற்றவைக்குமுன் கட்டாயம் எடுத்துவிடவேண்டும்.

பெற்றோல் தாங்கியை நிரப்பிவையுங்கள். வெற்றிடம் குறைந்தால் உள்ளே வியர்ப்பதும் குறையும். எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை இழுத்துப் பிரிந்துபோகும் என்பதால், நிலைப்படுத்தும் திரவத்தை முதலில் ஊற்றி, மேலே பெற்றோல் நிரப்பி, வீட்டுக்கு ஓட்டிவாருங்கள். அப்போது ஊசிகள்வரை போய்விடும். ஜெனரேற்றரையும் அதே பெற்றோலில், ஏசி போன்ற பெரிய மின்பொருளொன்றை இயக்கியபடி, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பழைய ஒயிலை இப்போதே மாற்றுவது நல்லது, அமிலம் சேர்ந்த ஒயில் ஏழு மாதம் உள்ளே கிடக்கவேண்டியதில்லை. என்ஜின் கூலன்ற் 50க்கு 50 கலவையென்றால் மைனஸ் 37 வரை தாங்கும். கண்ணாடி கழுவும் தாங்கியில் கோடைத் திரவம் இருந்தால் அடித்துத் தீர்த்துவிட்டு மைனஸ் 40 திரவம் ஊற்றுங்கள்.

குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் என்ஜினைப் போட்டுவைப்பது நல்லதென்று நினைக்கிறார்கள். கெடுதல். என்ஜின் முழுச்சூடு ஆகாமல் நிறுத்தினால் ஒயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் தேங்கும். முப்பது நாற்பது கிலோமீற்றர் ஓட்டமுடியுமா, ஓட்டுங்கள். முடியாதா, தொடவேண்டாம்.

ரயரில் பக்கவாட்டில் எழுதியுள்ள உச்ச அழுத்தம்வரை அடியுங்கள். 20 பாகையில் 80 பிஎஸ்ஐ அடித்தது மைனஸ் 20இல் 67க்கு வந்துவிடும். ரயர் கெட்டது அல்ல, காற்று சுருங்கியது. அடியில் பலகை வைத்தால் ரயரின் முழு அகலமும் பலகைமேல் இருக்கவேண்டும், பின்னால் உள்ள இரட்டை ரயர்களில் இரண்டும் ஏறியிருக்கவேண்டும். வெயில்படும் பக்கத்துக்கு வெள்ளைத் துணி மூடி. ரயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தடம் நன்றாக இருந்தாலும் வயது போன ரயர் நெடுஞ்சாலையில் உரியும்.

கைப்பிறேக்கைப் போட்டுவிட்டுப் போகவேண்டாம், ஏழு மாதத்தில் ஒட்டிப்பிடிக்கும். கியரைப் பார்க்கில் விட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பக்க அறைகள் உள்ளே, ஜாக்கிகள் மேலே.

இடையில் ஒரு பயணம் வந்தால்

கோடையில் இரண்டு வார இடைவெளிக்கு இவ்வளவும் தேவையில்லை. நல்லதண்ணீர்த் தாங்கியைக் காலி செய்வது, பற்றரி முனை, பிரிட்ஜ் கதவு, காஸ் வால்வு, கூரையை ஒரு பார்வை, அவ்வளவே. ஒக்ரோபர் தொடக்கத்தில் ஒரே இரவு மைனஸ் 1 வந்தால் உடனே குழாய் வெடித்துவிடாது. வெளி ஷவரையும் தண்ணீர் வாயையும் மட்டும் கவனியுங்கள், முதலில் உறைவது அவை.

பெப்ரவரியில் புளோரிடாவுக்கு ஓடுகிறவர்கள் இங்கிருந்து தண்ணீர் நிரப்பிக்கொண்டு புறப்படக்கூடாது. அன்ரிபிறீஸ் குழாயில் இருக்கட்டும், போத்தல் தண்ணீர் கொண்டுபோங்கள், ரொயிலற்றுக்கு அதே இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றுங்கள். இரவும் உறையாத ஊருக்கு வந்தபின் கழுவலாம். திரும்பும் வழியில் அதற்கு மறுதலை.

மாதம் ஒருமுறை வண்டியைப் போய்ப் பாருங்கள். பொறி, கூரையின் உட்புறம், சன்னல் மூலைகள், மூடியின் கயிறு. உள்ளே காலடி வைத்தவுடன் வரும் மணம் பாதியைச் சொல்லிவிடும்.

வசந்தத்தில்

அவசரப்படாதீர்கள். ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் எறித்ததும் தண்ணீர் நிரப்பி, அடுத்த வாரம் உறைந்து, ஆறு மாதம் காத்ததை ஒரே இரவில் இழப்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். மே முதல் வாரம்வரை பொறுக்கலாம்.

முதலில் பற்றரி, பிறகு ரயர் அழுத்தம், பிறகு துளைகளின் வலைகள், பிறகு காஸ். காஸ் மூட்டுகளில் சவர்க்கார நீர் பூசி, குமிழி வருகிறதா பாருங்கள். கடைசியில்தான் தண்ணீர்: பைபாஸ் இன்னும் திரும்பியபடியே இருக்க, நுரையும் சிவப்பும் போகும்வரை எல்லாக் குழாயையும் ஓடவிடுங்கள். அதன்பிறகு சுடுதண்ணீர் அடைப்பானைப் பூட்டி, பைபாஸைத் திருப்பி, தாங்கி நிரம்பிச் சுடுகுழாயில் தண்ணீர் சீராக வந்தபிறகே அந்த ரேப்பைக் கிழியுங்கள்.

கிருமி நீக்க, மணமில்லாத சாதாரண பிளீச், 57 லீற்றர் தாங்கிக்குக் கால் கப், அதாவது 60 மில்லி. வாளித் தண்ணீரில் கலந்து தாங்கிக்குள் விட்டு நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் மணம் வரும்வரை ஓடவிட்டு, இரவு முழுதும் நிற்கவிடுங்கள். காலையில் வடித்து, புதுத்தண்ணீர் நிரப்பி மீண்டும் வடியுங்கள். மணம் இன்னும் இருந்தால் மூன்றாவது தடவை. புது வடிகட்டியை இந்த வேலை முடிந்தபின் போடுங்கள், முன்னால் போட்டால் பிளீச்சையெல்லாம் அது குடித்துவிடும்.